நீல வெண்கட்டி

கரும்பலகையில் எழுதுகிற பொருளுக்கு எங்கள் பக்கம் வெண்கட்டி என்று பெயர். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் சாக்பீஸ் என்று போட்டிருப்பார்கள். வாசிக்கிறபோது நோன்பு திறக்க வைக்கிற ஏதோ பலகாரம் மாதிரித் தோன்றும். வெண்கட்டி என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வெண்மையாக இருக்கும், கட்டியாக இருக்கும். பதினெட்டு வருஷமாகக் கணக்குப் படிப்பிக்கிற நான், அந்தச் சொல்லில் பிழை இருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஓர் இரவு, என்னிடம் படித்து எல்லாப் பாடமும் சித்தியடைந்து கணக்கில் மட்டும் கோட்டை விட்ட பையன் ஒருவன், "சேர், வெண்கட்டி போட்டிட்டு அடிங்க" என்று ஒன்றை நீட்டினான்.

"இது நீலமடா."

"ஓம் சேர். நீல வெண்கட்டி."

இவன் கணக்கில் ஏன் தவறினான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அடுத்த அரை மணித்தியாலத்தில் அவன் என்னை மூன்று ஆட்டம் தோற்கடித்தான். ஒவ்வொரு அடிக்கும் கோணம் பார்த்து, கண்ணால் அளந்து, சொல்லி வைத்த குழியில் போட்டான். நான் படிப்பித்த கேத்திரகணிதம் முழுக்க அவனிடம் இருந்தது. பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் அதை அவன் கொண்டுபோகவில்லை.

இது நடந்த இடம் கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் கடலைப் பார்த்துப் போனால் நாலாவது வளவு. முன்பு நெல் ஸ்டோராக இருந்தது. கட்டாரில் ஏழு வருஷம் லொறி ஓட்டிவிட்டு வந்த என் மனைவியின் சாச்சி மகன், கொண்டுவந்த காசில் ஊர் வழக்கப்படி கடைத்தொகுதி கட்டாமல் இரண்டு பூல் மேசை வாங்கிப் போட்டான். முறைக்கு எனக்கு மச்சான். நெல் தூசி போவதற்கு மூன்று மாதம் பிடித்தது. அது போய் முடிவதற்குள் நீலத் தூசி குடிவந்துவிட்டது.

நீலத் தூசி கையோடு வீட்டுக்கும் வரும். அங்கேதான் என் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மேற்கேயுள்ள ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதன் பொருள் என்னவென்றால், நான் நிற்கிற தரை மாமியுடையது, படுக்கிற அறை மனைவியுடையது, அந்த வளவுக்குள் வந்தான் வரத்தான் என்று இருப்பது நானும் என் சைக்கிளும்தான். அப்படியொரு வீட்டில் மாப்பிள்ளையின் விரல் என்ன நிறத்தில் இருக்கிறது என்பது பொது விவகாரம். வெள்ளை என்றால் பள்ளிக்கூடம், மேலதிக வகுப்பு, ஹலாலான உழைப்பு. நீலம் என்றால் ஸ்டோர்.

"இஞ்சாருங்க, கையக் காட்டுங்க." வாசலில் வைத்தே சோதனை நடக்கும். சுகாதாரப் பரிசோதகர் பள்ளிக்கூடத்துக்கு வந்து நகம் பார்ப்பாரே, அதே முறை.

நான் சும்மா இருக்கவில்லை. சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் போட்டேன், தேங்காயெண்ணெய் போட்டேன். நகக்கண்ணுக்குள் போன நீலம் ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் கணக்கு வாத்தியாரின் மூளை வேலை செய்தது. நீலத்துக்கு மேலே பள்ளிக்கூட வெண்கட்டியை நன்றாகத் தேய்த்துக்கொண்டு போனேன். இரண்டும் சேர்ந்து அருமையான வான்நீலம் வந்தது.

"இது எந்தப் பாடத்துக்கு உள்ள கலர்?" என்று கேட்டாள்.

"புவியியல். கடல் கீறிக் காட்டினன்."

"நீங்க கணக்கு சேர்."

மறுபேச்சு இல்லாமல் போய்க் கை கழுவினேன்.

நான் பூலுக்கு வந்தது கரம் பலகையிலிருந்து. என் வயதுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். எங்கள் ஊர்களில் வாசிகசாலை இல்லாத ஒழுங்கை உண்டு, கரம் பலகை இல்லாத ஒழுங்கை இல்லை. இலங்கைக்குக் கரம் சின்ன விஷயமும் இல்லை. 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை நம்முடைய நிஷாந்த பெர்னாண்டோதான் தூக்கினார். சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சாம்பியன் ஆனதை எங்கள் காக்காமார் தங்கள் சொந்தக் கலியாணத் திகதியைவிடச் சுத்தமாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

கரத்தில் நாங்கள் படித்த முதல் பாடம் பவுடர். பலகை வழுக்க வேண்டும். காசுள்ள கழகங்கள் போரிக் பவுடர் வாங்கும். காசில்லாத நாங்கள் ராத்தாமாரின் முகப்பவுடரைத் திருடினோம். ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு என் ராத்தா பவுடர் டின்னைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்த வேகம் இப்போதும் கனவில் வருகிறது. அடி வாங்கினாலும் கொள்கை மாறவில்லை. அடி சரிவரவில்லையா, இன்னும் கொஞ்சம் பவுடர் போடு. வாழ்க்கையில் எது சிக்கினாலும் வழுக்க விடுவதுதான் வழி என்று முப்பது வருஷம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடுதான் முதல் நாள் ஸ்டோருக்குப் போனேன். கோலின் நுனியில் தோல் வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. தொட்டால் சொரசொரப்பாக இருந்தது. "என்ன மச்சான், இவ்வளவு கரடுமுரடா வெச்சிரிக்கிறாய்" என்று சொல்லி, சட்டைப்பையில் மரியாதையாக மடித்துக் கொண்டுபோயிருந்த கரம் பவுடரை எடுத்து, அந்தத் தோலில் பூசி, விரலால் நன்றாக மெழுகினேன். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஓங்கி அடித்தேன். கோல் பந்தின் கன்னத்தில் வழுக்கி, பச்சைத் துணியில் ஒரு கோடு கீறி, எதிரே நின்றவரின் தேத்தண்ணிக் கோப்பையில் போய் நின்றது. பந்து இருந்த இடத்திலேயே மெல்ல ஒரு தரம் கிறுகிப் படுத்தது. மச்சான் துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் கட்டாரில் ஏழு வருஷம் வெயிலில் நின்றது அந்தத் துணிக்காகத்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

விஷயம் இதுதான். கரத்தில் உராய்வு எதிரி, பூலில் அது கூட்டாளி. பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீற்றர் சொச்சம். கோல்நுனி அந்தப் பந்தைத் தொட்டிருக்கிற நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த நேரத்துக்குள் தோல் பந்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். நட்டநடுவில் அடித்தால் கவலை குறைவு. பந்தைச் சுழல விட வேண்டுமென்றால் நடுவை விட்டு விலகி அடிக்க வேண்டும். ஆரையின் பாதி, அதாவது நடுவிலிருந்து ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் எந்த நீலம் போட்டாலும் வழுக்கும். போடாவிட்டால் அதற்கு வெகு முன்னாலேயே வழுக்கும். இதைக் கரும்பலகையில் வட்டம் கீறி எந்த வகுப்புக்கும் விளங்கப்படுத்துவேன். மேசையில் குனிந்தால் மட்டும் அந்த 14 மில்லிமீற்றர் எனக்கு ஒரு முழமாகத் தெரிகிறது.

இந்தக் கண்டுபிடிப்பின் சரித்திரத்தைத் தேடி வாசித்தேன். தோற்கிறவனுக்குத்தானே வாசிக்க நேரம் இருக்கிறது. கோல்நுனியில் தோல் ஒட்டும் யோசனையைப் பக்குவப்படுத்தியவர் மிங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. 1800களின் ஆரம்பத்தில் அரசியல் குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தபோது அங்கிருந்த மேசையில் பழகிப் பழகி இதைச் செய்தார் என்றும், விடுதலை நாள் வந்தபோது இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருக்க விடுங்கள் என்று கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அவர் யார் வீட்டில் மாப்பிள்ளையாக இருந்தாரோ தெரியாது. அந்த மனுவின் நியாயம் எனக்கு விளங்குகிறது.

அவருக்குப் பிறகு இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் கார் என்று ஒருவர். பந்தைச் சுழற்றிக் காட்டி எல்லாரையும் வாயடைக்க வைத்தார். எப்படி என்று கேட்டவர்களுக்கு, எல்லாம் இந்தப் பொடியின் வேலை என்று சொல்லி, சின்ன டப்பிகளில் அடைத்து நல்ல விலைக்கு விற்றார். பொடி சாதாரண வெண்கட்டித் தூள். வித்தை அவர் மணிக்கட்டில் இருந்தது. எங்கள் ஊரில் பரீட்சைக்கு முன்னால் பேனைக்கு ஓதி ஊதித் தரும்படி கேட்டு வருகிற உம்மாமாரைப் பார்த்தவனுக்கு அந்த டப்பி ஏன் விற்பட்டது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நாம் தேய்க்கிற நீலக் கட்டியில் வெண்கட்டி என்பது பேருக்குக்கூட இல்லை. ஸ்பிங்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்குப் பிரான்சிலிருந்து வந்த ஒரு கட்டி பிடித்துப்போக, அதைச் சிக்காகோவில் ஹொஸ்கின்ஸ் என்ற இரசாயனவியலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஆராய்ந்து பார்த்தால், அது சிசிலியில் எட்னா எரிமலை கக்கிய சாம்பல். அதே தன்மையைச் சிலிக்காவும் குருந்தக் கல்லின் தூளும் வைத்துச் செய்து, சாயம் சேர்த்து, கட்டியாக்கி, 1897 மார்ச்சில் இருவரும் காப்புரிமை எடுத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் மணல். நீலம் போட்ட நல்ல மணல். (இந்த ஹொஸ்கின்ஸின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த மார்ஷ்தான் பிறகு நிக்குரோம் கம்பியைக் கண்டுபிடித்தவர். பாண் சுடுகிற டோஸ்டருக்குள் சிவக்கிறதே, அந்தக் கம்பி. ஒரே இடத்திலிருந்து காலைச் சாப்பாட்டுக்கும் இரவு விளையாட்டுக்கும் வழி பண்ணியிருக்கிறார்கள்.)

சரி, மணலைக் கோலில் எப்படிப் போடுவது? இதில் ஒரு மனிதனின் ஜாதகமே தெரியும் என்பது என் துணிபு. எங்கள் ஸ்டோருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் துருவலைக்காரர்கள். கட்டியை இடது கையில் பிடித்து, கோலை அதற்குள் குத்தி வைத்து, தேங்காய் துருவுகிற மாதிரிச் சுழற்றுவார்கள். கிரீச் கிரீச் என்று பல் கூசும். கட்டியின் நடுவில் குழி விழும். ஒரு வாரத்தில் அது குழி, ஒரு மாதத்தில் கிணறு. கிணறு ஆழமானால் நுனித் தோலுக்குச் சீராக நீலம் ஏறாது. கிணற்றுச் சுவர் கோலின் கழுத்தில் உரசி அங்கேதான் நீலம் அப்பும். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர்களுக்கு வேலை நடந்த திருப்தி. கச்சேரியில் சேவகம் செய்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர் கட்டியின் அடியே தெரியும்வரை துருவிவிட்டு, கடதாசி ஒட்டிய அடிப்பக்கத்தையும் துருவப் பார்த்தார். அரசாங்கப் பொருளை முழுசாகப் பாவித்துத்தான் பழக்கம் போலும்.

ஒழுங்கான முறையை எனக்குச் சொல்லித் தந்தவன் அந்தக் கணக்கில் தவறிய பையன்தான். "சேர், கண்ணுக்குச் சுருமா போடுற மாதிரி" என்றான். கோலை மெல்லத் திருப்பிக்கொண்டு, கட்டியின் முகத்தை நுனியில் இலேசாகத் தடவி எடுக்க வேண்டும். நாலு தடவல் போதும். பிறகு நுனியை ஒரு தரம் பார்க்க வேண்டும். தோல் மினுங்குகிற இடம் இருந்தால் அங்கே இன்னொரு தடவல். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். மேசைக்கு மேலே கோலை நீட்டிக்கொண்டு செய்யக்கூடாது. பார்ப்பதற்குப் பெண் பார்க்கப் போகிறவன் தயாராகிற மாதிரி இருக்கும். அவன் செய்தால் அழகு. நான் செய்தபோது கோல் கை தவறிக் கண்ணிலேயே குத்தியது.

மேசை விளிம்பில் கட்டியை வைப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. நீல முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். குப்புற வைத்தால் தூசி விளிம்பில் ஒட்டும், அங்கிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து பந்துக்கு. இரண்டு பந்து முட்டுகிற இடத்தில் ஒரு துணுக்கு நீலம் சிக்கினால் போதும், பந்து துள்ளி வழி மாறும். ஸ்னூக்கர்காரர்கள் இதைக் கிக் என்பார்கள். உலக சாம்பியன்களே இதற்காக நடுவரைக் கூப்பிட்டுப் பந்தைத் துடைக்கச் சொல்லுவதை டீவியில் பார்க்கலாம். தூசி குறைவாகக் கொட்டுகிறது என்று பின்லாந்தில் செய்கிற டாவோம் என்ற கட்டிக்குப் பலர் மாறியிருக்கிறார்கள். அதன் ஒரு கட்டியின் விலையை மச்சான் ஒரு நாள் கைபேசியில் பார்த்தான். பார்த்துவிட்டுக் கைபேசியைக் குப்புற வைத்தான்.

அவனுடைய பெரிய கவலை தூசி அல்ல, களவு. கட்டி பெட்டிக்குப் பன்னிரண்டு. பெட்டி உடைத்த இரவே இரண்டு காணாமல் போகும். யாரும் திருடுவதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அடிக்குமுன் தடவுவார்கள், தடவியதும் பழக்கதோஷத்தில் சாரன் மடிப்பில் செருகுவார்கள், அப்படியே போய்விடுவார்கள். மருதமுனையில் நெசவுக்குப் பேர்போன குடும்பத்து ஆள் ஒருவர் இப்படிச் செருகிக்கொண்டு போய், மறுநாள் திரும்பி வந்தார். கட்டியைக் கொடுக்க வரவில்லை. அவருடைய சாரனில் விழுந்த நீலம் மூன்று தரம் தோய்த்தும் போகவில்லையாம். "தம்பி, இந்தச் சாயம் எங்க வாங்கின?" என்று விசாரிக்க வந்திருக்கிறார்.

பிறகு மச்சான் தபால் கந்தோரில் பேனையைக் கட்டி வைப்பதுபோலக் கட்டிகளை நைலோன் நூலில் கட்டி மேசைக்காலில் முடிந்தான். கடற்றொழில் ஊர், முடிச்சுக்குக் குறை இல்லை. மூன்றாம் நாள் நூலையும் காணவில்லை.

காற்றும் சேர்ந்து சதி செய்யும். மே மாதத்திலிருந்து கச்சான் அடிக்கும். கச்சான் என்றால் எங்களுக்கு வறுத்துத் தின்கிறதும் அதுதான், மேற்கேயிருந்து அனலாக வீசுகிறதும் அதுதான். அந்தக் காலத்தில் கட்டி பொரிவிளாங்காய் மாதிரிக் காய்ந்து, தொட்டால் உதிரும். கச்சான் காற்றில் கச்சான் தின்றுகொண்டு விளையாடுகிறவர்கள் விரலிலிருக்கும் எண்ணெயையும் உப்பையும் கட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாரியில் வாடை தொடங்கினால் நேர்மாறு. கடல் ஐந்நூறு மீற்றரில் இருக்கிறது. ஸ்டோருக்குள் சுவரே வியர்க்கும். கட்டி ஈரம் குடித்துப் பிசுபிசுத்துத் தோலில் பத்தை பத்தையாக ஒட்டும். ஈரமான கட்டியை என்ன செய்வது என்று ஊர் ஆலோசனை நடந்தது. உப்புப் போத்தலில் ஈரம் வராமல் நாலு அரிசி போடுவோமே, அப்படி அரிசிக்குள் புதைத்து வைக்கலாம் என்று நான் சொன்னேன். அம்பாறை மாவட்டத்தில் அரிசிக்கா பஞ்சம்? சொன்னவன் தலையிலேயே வேலை விழுந்தது. ஆறு கட்டிகளை எங்கள் வீட்டு அரிசி வாளியில் ஆழமாகப் புதைத்தேன். வெள்ளிக்கிழமைச் சோறு லேசான நீலத்தில் வந்தபோது, புது இன நெல்லாக்கும் என்று மாமா சொன்னார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் விரலை மட்டும் பார்த்தாள்.

2022ஐப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொலருக்கு இருநூறு ரூபாயாக இருந்தது சில மாதத்தில் முந்நூற்று அறுபது ஆன வருஷம். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த நாட்டில் பில்லியட் கட்டி இறக்குமதி செய்ய டொலர் தாருங்கள் என்று மச்சான் எந்த வங்கிக்குப் போவான்? கடைசிப் பெட்டி முடிந்தது. இருந்த இரண்டரைக் கட்டியை அவனே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாருக்கு அடி வருகிறதோ அவருடைய கோல்நுனியில் தானே இரண்டு தடவல் தடவிவிட்டான். குழந்தைப்பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி வரிசையில் நின்றோம். கைபேசி வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தது. மூன்றாவது தடவல் கேட்டவர்களை, "வரிசைல திரும்பி வாங்க" என்றான்.

அப்போதுதான் என் கடமை என்ன என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி இருந்தது. அசல் வெண்கட்டி, வெள்ளையானது. மூன்று துண்டு கொண்டுபோனேன். அதில் இருப்பது பெரும்பாலும் ஜிப்சம், கரும்பலகையில் உதிர்வதற்கென்றே செய்தது. கோல்நுனியிலும் தன் கடமையைச் செய்தது. உதிர்ந்தது. பச்சைத் துணி மார்கழிப் பனி விழுந்த நுவரெலியாப் புல்வெளி மாதிரி ஆனது. பந்துகள் எல்லாம் பவுடர் போட்ட மணவாட்டி முகத்தோடு ஓடின. ஆனால் அந்த இரவு நான் வீட்டுக்கு வெள்ளை விரலோடு போனேன். கலியாணம் முடித்த காலம் தொட்டு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. மாமி கையாலேயே ஆட்டுக்கால் சூப் வந்தது.

இந்தக் கட்டியின் உண்மையான பயன் உராய்வு மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிக்க வழியில்லாத நிலை வருகிறது என்று வையுங்கள். எட்டாம் பந்து மூலையில், வெள்ளைப் பந்து ஒரு கூட்டத்துக்கு நடுவில், பார்த்துக்கொண்டு பத்துப் பேர். அப்போது மனிதன் என்ன செய்வான்? கட்டியைத் தேடுவான். மெதுவாக நடந்து போய் எடுப்பான். தடவுவான். நுனியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பான். மறுபடி தடவுவான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் ஓர் அறிவு தோன்றும். பார்க்கிறவர்கள் இவன் ஏதோ பெரிய திட்டம் வைத்திருக்கிறான் என்று நம்புவார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அதிபர்களை எனக்குத் தெரியும். அதே தொழில்நுட்பம். பிறகு அடித்து, தவறி, கட்டியை முறைத்துப் பார்த்து, "சரியில்லாத சாமான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நன்றாக விளையாடுகிற பையன்கள் கட்டியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. என் கணக்கில் அது ஒரு நேர்மாறு விகிதசமன்.

ஒரு நாள் அஸருக்குப் பள்ளிக்குப் போய் ஹவுளுக்குப் பக்கத்தில் வுழூச் செய்துகொண்டிருந்தேன். விரலிலிருந்து நீலமாகத் தண்ணி வழிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர், கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"சேர், பெயின்ட் வேலையும் செய்றீங்களா?"

உண்மையைச் சொல்வதற்கு அது சரியான இடம்தான். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. "ஓம் ஹாஜி. சம்பளம் காணாதுதானே."

"மாஷா அல்லாஹ், உழைச்சுத் திங்கிறதுல வெட்கம் இல்ல" என்று தோளில் தட்டினார். தொழுது முடிந்து வெளியே வந்தபோது நோன்புக்கு முன்னால் பள்ளி மதிலுக்குப் பூச்சடிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. உள்ளே பொய் சொன்னவன் வெளியே எப்படி மறுப்பது? மூன்று சனிக்கிழமை மதில் அடித்தேன். அதற்குப் பிறகு விரலில் என்ன நிறம் இருந்தாலும் வீட்டில் கேள்வி குறைந்தது. மதிலைவிடக் கூடுதலாக ஸ்டோர்தான் நீலம் தந்தது என்பது மாமாவுக்கு மட்டும் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

மாமா அதிகம் பேசாதவர். சாய்மனைக் கதிரையில் பத்திரிகையை விரித்துப் பிடித்தால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. ஒரு நாள் மாமி, ஸ்டோரில் நடப்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன சூதாட்டம் என்று பொதுவாகக் காற்றுக்குச் சொன்னபோது, நானும் காற்றுக்கே பதில் சொன்னேன். ஸ்னூக்கர் பிறந்தது 1875இல் இந்தியாவில் ஜபல்பூரில், சட்டதிட்டம் எழுதித் தொங்கவிட்டது ஊட்டியில், ஆகையால் இது பக்கத்து வீட்டுச் சாமான்தான் என்றேன். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மருமகன், லாஃபிரத் தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியும் என்றேன். எம்.ஜே.எம். லாஃபிர், 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் சாம்பியன். அர்ஜுன ரணதுங்க லாகூரில் கிண்ணம் தூக்குவதற்கு 23 வருஷம் முன்னால் இந்த நாட்டுக்கு உலகப் பட்டம் கொண்டுவந்த மனிதர். இன்றைக்குப் பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னால் எந்த அமைச்சில் வேலை என்று கேட்பார்கள்.

"நான் அப்ப கொழும்பில. புறக்கோட்டைல புடவைக்கடைல நிண்டன்" என்றார் மாமா. பத்திரிகை ஒரு பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கான பேச்சு முடிந்தது.

போன மாதம் நடந்தது இது. வியாழக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தேன். பழக்கதோஷத்தில் பையில் ஒரு புதுக் கட்டி வந்திருக்கிறது. காலையில் ஜும்ஆவுக்காக மாமாவின் வெள்ளை ஜுப்பாவைத் தோய்க்க மாமி வாளியோடு உட்கார்ந்தபோது அது அவர் கையில் அகப்பட்டது. சின்னதாக, சதுரமாக, பளிச்சென்ற நீலம். வெள்ளை உடுப்புக்கு நீலம் போட்டு வளர்ந்த தலைமுறை அது. மருமகன் ஒருநாளும் இல்லாத திருநாளாக வீட்டுக்குத் தேவையான ஒரு சாமான் வாங்கி வந்திருக்கிறார் என்று மாமி சந்தோஷப்பட்டிருக்கிறார்.

நான் பல் தீட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தபோது மாமி கட்டியை வாளித் தண்ணியில் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் கடுத்திருந்தது.

"மகன், இது எந்தக் கடைல வாங்கின? பத்து நிமிஷமாத் தேய்க்கிறன், கரையவே கரையுதில்ல. அடில பாருங்க, மண்ணு. நீலத்துக்குள்ளயும் மண்ணக் கலந்து விக்கிறானுகள், அல்லாஹ்வுக்குப் பயம் இல்லாதவனுகள்."

எட்டிப் பார்த்தேன். வாளியின் அடியில் நீல மணல் படிந்திருந்தது. ஹொஸ்கின்ஸுக்கு ஆய்வுகூடம் தேவைப்பட்டது. மாமிக்கு ஒரு வாளியும் பத்து நிமிஷமும். ஜுப்பாவின் மார்பில் சேனநாயக்க சமுத்திரம் அளவுக்கு ஒரு நீலப் பத்தை.

"சொல்லுங்க மகன், எந்தக் கடை? நான் போய் மூஞ்சில எறிஞ்சிட்டு வாறன்."

என் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற மனைவி திறக்க ஆயத்தமானாள். அதற்குள் சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. மாமா எழுந்து வந்தார். வாளிக்குள் கைவிட்டுக் கட்டியை எடுத்து, உதறி, விரல்களுக்கு நடுவில் திருப்பிப் பார்த்தார். பிறகு நுனிவிரலால் அதன் முகத்தை இலேசாக ஒரு தரம் தடவினார். சுருமா போடுகிற மாதிரி.

"நீ ஏன் போறாய்? பொம்பள. குடு, ஜும்ஆ முடிஞ்சு வாற வழில நானே திருப்பிக் குடுத்திட்டு வாறன்" என்று சாரன் மடிப்பில் செருகிக்கொண்டார்.

ஜும்ஆவுக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார். பகல் சோற்றுக்கு வரவில்லை. அஸர் ஆனது, மஃரிப் ஆனது. இஷா தொழுது கொஞ்ச நேரத்துக்குப் பிறகு படலை திறந்தது. மாமி வாசலிலேயே நின்றிருந்தார்.

"கடைக்காரன் காசு தந்தானா?"

மாமா வலது கையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

"இல்ல" என்றார். "நாளைக்கி வரச் சொல்லியிருக்கான்."